தோர்ணக்கல் சென்ற தமிழர்

திருச்செந்தூர் வட்டாரத்தில், செம்மணல் தேரியும் பனைமரமும் அன்றி வேறொன்றும் பெரிதாகக் கண்ணில் படாத வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில், 1874-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ஆம் நாள் ஓர் ஆண் குழந்தை பிறந்தது. தந்தையார் தாமஸ் வேதநாயகம் அவ்வூர்த் திருச்சபையின் போதகர். தாயார் எலன் அம்மையார், மகன் ஒருவனை வேண்டி நெடுங்காலம் ஜெபித்துக் காத்திருந்தவர். வேதாகமத்தில் அன்னாள் என்பவள் அவ்வாறே காத்திருந்து பெற்ற பிள்ளைக்கு என்ன பெயரிட்டாளோ, அதே பெயரைத் தம் பிள்ளைக்கும் இட்டார். வேதநாயகம் சாமுவேல் அசரியா என்று பிற்காலத்தில் உலகம் அறிந்தவரும், இந்தியர்களுள் முதன்முதலாக ஆங்கிலிக்கன் திருச்சபையின் அத்தியட்சராக உயர்ந்தவரும் இவரே. அத்தியட்சர் என்பது அன்றைய திருநெல்வேலி வழக்கு. பிஷப் என்றும் பேராயர் என்றும் இன்று சொல்லுகிறோம்.

நம் சங்கத்தில் எல்லாச் சமயத்தவரும் இருக்கிறோம். சமயமே வேண்டாம் என்போரும் இருக்கிறார்கள். அப்படியிருக்க ஒரு பாதிரியாரின் கதையை இம்மலரில் எழுதுவானேன் என்று நண்பர்கள் சிலர் கேட்கக்கூடும். காரணம் எளிது. நாம் அனைவரும் தமிழ்நாட்டை விட்டு வந்து வேற்று மொழி வழங்கும் ஊரில் வாழ்கிறோம். படிப்புக்காக வந்தோம், நாளை உத்தியோகத்துக்காக இன்னும் தொலைவு போவோம். அசரியாவும் அவ்வாறு போனவர்தாம். ஆனால் அவர் போனது வாழ்க்கையில் முன்னேறுவதற்காக அன்று. கையிலிருந்த நல்ல பதவியைத் துறந்துவிட்டுப் போனார். போவதற்கு முன் ஏழு ஆண்டுகள் காத்திருந்தார். அந்த ஏழு ஆண்டுகளைப் பற்றி எழுதவேண்டும் என்பதே என் ஆசை. மற்றவற்றை அதற்குத் துணையாகவே சொல்லப் போகிறேன்.

இளமைக் கதையை விரைவாகவே முடித்துவிடலாம். பள்ளிப் பருவத்திலேயே தந்தையாரை இழந்தார். மெய்ஞ்ஞானபுரத்து விடுதிப் பள்ளி, பின்பு திருநெல்வேலிக் கல்லூரி, அதன்பின் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரி என்று படிப்பு நடந்தது. கணிதத்தைச் சிறப்புப் பாடமாக எடுத்தவர் என்பது என்னைப் போன்ற விஞ்ஞான மாணவனுக்கு ஒரு தனி மகிழ்ச்சி. ஆனால் அவர் பட்டம் பெறவில்லை. இறுதித் தேர்வின் சமயத்தில் நோய்வாய்ப்பட்டார். குணமடைந்த பிறகு மீண்டும் அத்தேர்வுக்கு உட்கார முயலவுமில்லை. கேம்பிரிட்ஜ் பல்கலைக் கழகம் 1920-இல் அவருக்குக் கௌரவ டாக்டர் பட்டம் அளித்ததை நினைக்கும்போது, நம் தேர்வு முடிவுப் பலகையின் முன் நின்று வாடும் முகங்கள் எனக்கு நினைவுக்கு வருகின்றன.

கல்லூரியை விட்டதும், 1895-இல், கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் ஊழியத்தில் சேர்ந்தார். இன்று ஒய்.எம்.சி.ஏ. என்றால் நமக்கு விளையாட்டு மைதானமும் தங்கும் விடுதியுமே நினைவுக்கு வருகின்றன. அன்று அது ஊர் ஊராகச் சென்று இளைஞர்களைத் திரட்டிப் பேசும் இயக்கம். அடுத்த ஆண்டு அமெரிக்காவிலிருந்து ஷெர்வுட் எடி என்னும் இளைஞர் அதே பணிக்கு வந்தார், தமிழ் கற்றார். இருவரும் நெருங்கிய நண்பர்களாயினர். வெள்ளையர் ஒருவரும் இந்தியர் ஒருவரும் ஒரே பாயில் உட்காருவது அபூர்வமாயிருந்த அக்காலத்தில் இந்த நட்பு சாதாரணமானதன்று. 1898-இல் அன்பு மரியம்மாள் என்பவரை அசரியா மணந்தார். தென்னிந்தியக் கிறிஸ்தவப் பெண்களுள் கல்லூரிப் படிப்பை எட்டிய முதற் சிலரில் அந்த அம்மையாரும் ஒருவர். பின்னாளில் கணவருடன் காட்டுக்குப் போய்க் கூடாரத்தில் குடியிருக்க இசைந்தவரும் அவரே.

1902-ஆம் ஆண்டில் சங்கப் பணியாக அசரியா யாழ்ப்பாணம் சென்றார். அங்கே அவர் கண்ட ஒரு காட்சி அவரை உலுக்கிவிட்டது. யாழ்ப்பாணத்துத் தமிழ்க் கிறிஸ்தவர்கள் வெளிநாட்டாரின் பணத்தை எதிர்பாராமல், தங்கள் காசைச் சேர்த்து, தங்களுக்குள்ளிருந்தே ஊழியரைத் தெரிந்தெடுத்து, கடல் கடந்து நம் தமிழ்நாட்டுக் கரைக்கு அனுப்பியிருந்தார்கள். திருநெல்வேலித் திருச்சபையோ அதைவிட மிகப் பெரியது, பழையது, ஆயிரக்கணக்கான குடும்பங்களை உடையது. அங்கிருந்து ஒருவரேனும் பிற மொழியினரிடம் போனதுண்டா? கொடுப்பவர்கள் வெள்ளைக்காரர்கள், பெறுபவர்கள் நாம் என்ற எண்ணம் அவ்வளவு ஆழமாக வேரூன்றியிருந்தது. இதைப் பற்றி அவர் மனம் கலங்கி ஜெபித்தார் என்று அவருடைய வரலாற்றை எழுதியோர் அனைவரும் கூறுகிறார்கள்.

இந்த இடத்தில் நம்மில் பலர் என்ன செய்திருப்போம்? உடனே ஓர் ஆவேசப் பிரசங்கம் செய்திருப்போம், மறுநாள் மறந்திருப்போம். அல்லது அன்றே மூட்டை கட்டிக்கொண்டு புறப்பட்டு, ஆறு மாதத்தில் காய்ச்சலுடன் திரும்பியிருப்போம். அசரியா இரண்டையும் செய்யவில்லை. ஊருக்குத் திரும்பி, நண்பர்களுடன் கூடி ஆலோசித்தார். ஜெபக் கூட்டங்கள் நடத்தினார். மூத்த போதகர்களின் சம்மதத்தைப் பெற்றார். 1903 பிப்ரவரி 12-ஆம் நாள் பாளையங்கோட்டையில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றியது. அதன் விதி கண்டிப்பானது: செல்பவர் இந்தியர், செலவாகும் பணம் இந்தியருடையது, நிர்வாகமும் இந்தியருடையது. பெண்கள் அரிசியில் ஒரு கைப்பிடி எடுத்து வைத்தும் ஏழைகள் காலணா அரையணா கொடுத்தும் வளர்ந்த பல திருச்சபைகள் நம் பக்கத்தில் உண்டு. அத்தகைய மக்களையே நம்பித்தான் அச்சங்கம் தொடங்கிற்று. இன்றும் அது நடந்து வருகிறது.

எங்கே போவது என்ற கேள்வி எழுந்தபோது அவர்கள் தேர்ந்தெடுத்தது நிஜாம் சமஸ்தானத்தின் கிழக்குப் பகுதியிலிருந்த தோர்ணக்கல். அங்குள்ள மொழி தெலுங்கு. காடு, மலேரியா, வறுமை மூன்றும் நிறைந்த நாடு. 1904-இல் முதல் ஊழியர் அங்கே போய்ச் சேர்ந்தார். அவர் அசரியா அல்லர்.

டில்லிக்கும் சென்னைக்கும் ரயிலில் போய்வரும் நண்பர்களுக்குத் தோர்ணக்கல் புதிய பெயரன்று. விஜயவாடாவைக் கடந்து கம்மம் தாண்டியபின், வாரங்கல் வருவதற்கு முன், மஞ்சள் பலகையில் மும்மொழியில் எழுதிய அப்பெயர் சன்னலோரம் ஓடி மறையும். பத்ராசலம் சாலைக்கும் நிலக்கரிச் சுரங்கங்களுக்கும் அங்கிருந்து கிளைப்பாதை பிரிகிறது. இன்று அது தெலங்கானாவில் மகபூபாபாத் மாவட்டத்தைச் சேர்ந்தது. பெரும்பாலும் நம்மவர்கள் அந்நேரத்தில் சீட்டாட்டத்திலோ தூக்கத்திலோ இருப்பார்கள். ஞாயிறு பள்ளியில் மனப்பாடம் செய்த பெயர் ஒன்று உண்மையான ஊரொன்றின் பலகையில் இருப்பதை முதன்முறை கண்டபோது நான் எழுந்து நின்றுவிட்டேன். நம் நாட்டிலிருந்து நெடுந்தொலைவில், ரயில் வசதியும் அரைகுறையாய் இருந்த காலத்தில், ஒரு திருநெல்வேலிக்காரர் இங்கே எதற்காக இறங்கினார் என்று அன்று தொடங்கிய ஆராய்ச்சியே இக்கட்டுரை.

இனி, அந்த ஏழு ஆண்டுகள்.

1903-க்குப் பிறகு அசரியாவின் புகழ் வளர்ந்தது. 1905-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளன்று வங்காளத்தில் செராம்பூரில், வில்லியம் கேரியின் நூலகத்தில், நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வந்த சிலர் கூடித் தேசிய மிஷனெரி சங்கத்தை நிறுவினார்கள். அதில் முன்னின்றவர்களுள் அசரியா ஒருவர். அதன் பொதுச் செயலாளரானார். நாடெங்கும் சுற்றினார். 1907-இல் டோக்கியோவில் நடந்த உலக மாணவர் கிறிஸ்தவ மாநாட்டுக்கும் சென்றார். மேடை, பிரயாணம், பத்திரிகை, பெரிய மனிதர்களின் பழக்கம் எல்லாம் வந்தன. எங்கே பேசினாலும் அவர் சொன்னது ஒன்றுதான்: இந்தியாவில் யாரும் எட்டிப் பாராத பகுதிகளுக்கு இந்திய இளைஞர்களே போகவேண்டும். கேட்ட இளைஞர்களும் போனார்கள்.

அப்போதுதான் அந்தக் கேள்வி அவரிடமே திரும்பி வந்தது. பிறரைப் போ, போ என்று அனுப்பிக்கொண்டே தான் மட்டும் மேடையில் நிற்பது தகுமா? இக்கேள்வியை அவர் எளிதில் தட்டிக் கழித்திருக்கலாம். செயலாளர் என்று ஒருவர் வேண்டாமா? பணம் திரட்ட ஆள் வேண்டாமா? வயதும் முப்பதைத் தாண்டிவிட்டது; மனைவி மக்கள் இருக்கிறார்கள்; தெலுங்கில் ஓர் எழுத்தும் தெரியாது. இவை எல்லாம் பொய்க் காரணங்களும் அல்ல. ஆகவே அவர் உடனே விடை கூறவில்லை. கேள்வியை ஜெபத்தில் வைத்துக்கொண்டு காத்திருந்தார். காத்திருந்த காலத்தில் வேலையை நிறுத்தவுமில்லை.

எங்கள் பௌதிக ஆராய்ச்சிக் கூடத்தில் கண்ணாடிக் குழாய்க்குள் வெற்றிடம் உண்டாக்குவதற்காகப் பம்பை இரவு முழுதும் ஓடவிடுவது வழக்கம். புதிதாக வரும் மாணவர்களுக்கு அது வீண் பொழுதாகத் தோன்றும். பார்ப்பதற்கு ஒன்றும் நடப்பதில்லை. ஆனால் குழாய்க்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் காற்றும் ஈரமும் சிறிது சிறிதாக வெளியேறினால்தான் மறுநாள் அளவு சரியாக வரும். அவசரப்பட்டால் கருவி பொய் சொல்லும். அசரியாவின் அந்த ஆண்டுகளை எண்ணும்போது எனக்கு இந்தப் பம்புதான் நினைவுக்கு வருகிறது. புகழாசையும் அச்சமும் மனிதனுக்குள் ஒட்டிக்கொண்டிருக்கும் ஈரந்தானே? அவை ஒரே இரவில் போவதில்லை. எல்லா விஞ்ஞான உவமைகளையும் போல இதுவும் ஓரளவுக்குத்தான் பொருந்தும். ஏனெனில் பம்பை ஓட்டுவது நாம். ஜெபத்தில் காத்திருப்பவரோ, தம்மால் இயலாததைப் பிறர் ஒருவர் தம்முள் செய்யவேண்டும் என்று இடங்கொடுத்து நிற்கிறார். இந்த வேறுபாட்டை நம்பாதவர்களும் அதன் விளைவைப் பார்க்கலாம்.

1909-இல் பதவிகளை விட்டு விலகினார். குருப்பட்டம் பெற்றார். முப்பத்தைந்தாம் வயதில், நாடறிந்த பேச்சாளர், தோர்ணக்கல்லில் மற்றொரு சாதாரண ஊழியராக வந்து இறங்கினார். முதலில் வீடில்லை, கூடாரம். முதல் வேலை தெலுங்கு அரிச்சுவடி. கணிதம் படித்தவர், மேடைகளில் ஆயிரம் பேரை ஆங்கிலத்தில் அசைத்தவர், இப்போது ஒரு சிற்றூர்க் குழந்தையும் சிரிக்கும்படி உச்சரித்துப் பழகவேண்டியிருந்தது. மூன்றாண்டு இங்கே வாழ்ந்தும் தேநீர்க் கடையில் பேசும் அளவுக்கு மேல் இவ்வூர் மொழியைக் கல்லாத வீரர்கள் நம் விடுதியில் இருக்கிறார்கள். அவர்கள் இந்தப் பகுதியை இருமுறை படிப்பார்களாக! அசரியா தெலுங்கைச் சந்தையில் பேரம் பேசுவதற்காகக் கற்கவில்லை; அம்மொழியில் சிந்திக்கவும், ஆறுதல் சொல்லவும், பின்னாளில் நூல் எழுதவுமே கற்றார். அன்பு அம்மையாரும் கற்றார். கிராமத்துப் பெண்களிடையே அவர் செய்த பணி தனியாக எழுதத்தக்கது.

தோர்ணக்கல்லுக்கு வந்து ஓராண்டும் முழுமையாக ஆகாத நிலையில், 1910 ஜூன் மாதத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோ நகரில் உலக மிஷனெரி மாநாடு கூடிற்று. வந்திருந்தோர் ஏறக்குறைய 1,200 பேர். அவர்களுள் ஆசியர்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். இருபது பேரும் இல்லை. வெளிநாட்டு ஊழியர்களும் உள்நாட்டு ஊழியர்களும் ஒத்துழைப்பது பற்றிப் பேசும்படி அசரியாவை அழைத்திருந்தார்கள். நன்றியுரை ஒன்றை எதிர்பார்த்தார்கள் போலும்.

அவர் நன்றி சொல்லத் தவறவில்லை. மிஷனெரிகளின் தியாகத்தை நிறைவாகவே பாராட்டினார்; விதிவிலக்கான நல்லோர் உண்டு என்பதையும் கூறினார். அதன்பின் சொன்னதுதான் சபையைத் திடுக்கிடச் செய்தது. வெள்ளை மிஷனெரிக்கும் இந்தியப் போதகருக்கும் இடையே உள்ள உறவு எசமானன் வேலைக்காரன் உறவாகவே இருக்கிறது. ஆண்டுக் கணக்கில் சேர்ந்து வேலை செய்தும் ஒருவர் வீட்டுக்கு ஒருவர் போவதில்லை, ஒரு வேளை உணவு சேர்ந்து உண்பதில்லை. பணமும் உழைப்பும் தந்தது போதும், இனி வேண்டுவது சமமான நட்பே என்ற கருத்துப்பட முடித்தார். சிலர் கொதித்தார்கள், சிலர் தலைகுனிந்தார்கள். இருபதாம் நூற்றாண்டுத் திருச்சபை வரலாற்றை எழுதும் எவரும் இன்று அப்பேச்சைக் குறிப்பிடாமல் போவதில்லை.

இப்பேச்சின் துணிவை அளக்க மற்றொரு செய்தியும் தெரியவேண்டும். சென்னை அத்தியட்சராயிருந்த ஹென்றி வைட்ஹெட் துரை, அசரியாவை அத்தியட்சராக்க வேண்டும் என்ற எண்ணத்தை அதற்கு முன்பே கொண்டிருந்தார். இந்தியர் எவருக்கும் அதுவரை கிடைக்காத பதவி அது. அதைத் தரவும் தடுக்கவும் வல்லவர்களும் அவர்களைச் சேர்ந்தவர்களுமே அந்த மண்டபத்தில் உட்கார்ந்திருந்தார்கள். பதவியை விரும்பிய மனிதன் அன்று இனிமையாக நாலு வார்த்தை பேசி இறங்கியிருப்பான். பெரிய பதவிகளை விட்டுக் கூடாரத்துக்கு வந்துவிட்டவரிடமிருந்து எதைப் பிடுங்கிக்கொள்ள முடியும்? எடின்பரோவின் துணிவு தோர்ணக்கல் கூடாரத்தில் முளைத்தது என்பதே என் கருத்து. எளிமையும் துணிவும் இரு வேறு குணங்கள் என்று நினைத்துக்கொண்டிருந்த எனக்கு அவர் வாழ்க்கை வேறு கணக்கைக் காட்டிற்று.

எதிர்ப்பு வெள்ளையரிடமிருந்து மட்டும் வரவில்லை. இந்தியர் ஒருவரின் கீழ் வேலை செய்வதா என்று ஐரோப்பியர் முணுமுணுத்தது எதிர்பார்க்கக்கூடியதே. ஆனால் நம் தென்னாட்டுக் கிறிஸ்தவர்களிலும் ஒரு பகுதியினர் அவருடைய நியமனத்தை எதிர்த்தார்கள். சாதி உணர்ச்சி அதில் கலந்திருந்தது என்பதை மறைப்பதற்கில்லை. சொந்த மக்களே தன்னை வேண்டாம் என்று சொல்வதைக் கேட்டு, அதற்கு மறுப்பு எழுதாமல் தெலுங்குக் கிராமங்களில் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருப்பது எவ்வளவு கடினம்! அவர் அவ்வாறே இருந்தார். 1912 டிசம்பர் 29-ஆம் நாள் கல்கத்தாவில் புனித பவுல் பேராலயத்தில் அவருக்கு அபிஷேகம் நடந்தது. அவருக்கு வயது முப்பத்தெட்டு. அதன்பின் அவர் இறக்கும் வரை, முப்பத்திரண்டு ஆண்டுகளாக, ஆங்கிலிக்கன் மண்டலம் ஒன்றை ஆண்ட இந்தியர் அவர் ஒருவரே. இது அவருக்குப் பெருமை. அத்திருச்சபைக்குப் பெருமையா என்பதை வாசகர்கள் தீர்மானிக்கட்டும்.

அத்தியட்சரானதும் மாளிகை வாழ்வு வந்துவிடவில்லை. மாட்டு வண்டியில் கிராமம் கிராமமாகப் போனார். விடியுமுன் எழுந்து ஜெபத்திலும் வேத வாசிப்பிலும் தனித்திருப்பது அவருடைய மாறாத வழக்கம்; நாளின் வேலை அதன் பிறகே தொடங்கும். அவரை நாடி வந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் மாலா, மாதிகா என்னும் ஒடுக்கப்பட்ட மக்கள். இவ்விரு பிரிவினருக்குள்ளேயே ஒருவரோடொருவர் உண்ணாத பகை இருந்தது. ஒரே பந்தியில் ஒரே பாத்திரத்திலிருந்து பெறவேண்டும் என்பதில் அசரியா விட்டுக்கொடுக்கவில்லை. அழுக்கு, நோய், கடன், குடி என்னும் நான்கையும் கிராமத்தைப் பிடித்த பேய்கள் என்று கருதி அவற்றோடு போராடினார். பாட்டாலும் கதையாலும் போதித்தார். ஞானஸ்நானம் பெற்ற ஒவ்வொருவரும், எழுதப் படிக்கத் தெரியாதவராயினும், தம் தலைமேல் கையை வைத்துக்கொண்டு, தாம் அறிந்ததைப் பிறருக்குச் சொல்லாதிருந்தால் தமக்குக் கேடு என்று உறுதி கூறும் பழக்கத்தை ஏற்படுத்தினார். நூற்றாண்டுகளாகத் தலைநிமிர்ந்து பேச அனுமதிக்கப்படாதவன் ஒருவன், தனக்கும் பிறருக்குச் சொல்ல ஒரு செய்தி உண்டு என்று தன் தலையைத் தானே தொட்டுச் சொல்லும் காட்சியை எண்ணிப் பாருங்கள். அவருடைய காலத்தில் அம்மண்டலம் விரிந்து கிருஷ்ணா, கோதாவரிப் பகுதிகளையும் அணைத்தது. சபையினர் தொகை இரண்டு இலட்சத்தைத் தாண்டியது.

அவரை முழுக்கப் புகழ்ந்து முடித்துவிட நான் விரும்பவில்லை. ஆங்கில வழிபாட்டு முறையிடம் அவருக்கிருந்த பற்று சற்று மிகுதி என்பதே என் எண்ணம். தேசிய இயக்கத்தின் முன்னணியில் அவர் நின்றதில்லை. 1930-களில் ஒடுக்கப்பட்ட மக்கள் கூட்டங் கூட்டமாக மதம் மாறுவதைக் காந்தியடிகள் கடுமையாக மறுத்தார். அசரியா அவரோடு இணங்கவில்லை. அந்த ஏழைகளுக்கும் தங்கள் மனச்சாட்சிப்படி தெரிந்துகொள்ளும் உரிமை உண்டு என்பது அவர் கட்சி. இந்த வழக்கில் யார் பக்கம் நியாயம் என்று நம் விடுதியில் இரவு முழுதும் வாதம் செய்யலாம், செய்தும் இருக்கிறோம். ஆனால் அதே அசரியா, கிறிஸ்தவர்களுக்குத் தனித் தொகுதி வேண்டாம் என்று எதிர்த்தவர் என்பதையும் சேர்த்துச் சொல்லவேண்டும். பொது வாழ்வில் தனிச் சலுகையைத் தேடும் சபை, ஊழியம் செய்யும் சபையாக இராது என்று அவர் அஞ்சினார்.

காத்திருத்தல் அவரை இறுதிவரை விடவில்லை. தோர்ணக்கல்லில் ஒரு பேராலயம் கட்டவேண்டும் என்ற திட்டம் தொடங்கிக் கால் நூற்றாண்டுக்குப் பின்னரே கட்டடம் நிறைவேறிற்று. இடையில் யுத்தம் வந்தது, பஞ்சம் வந்தது, கல்லுக்கு வைத்த பணம் மக்களின் வயிற்றுக்குப் போயிற்று. 1939 ஜனவரி 6-ஆம் நாள் அது பிரதிஷ்டை செய்யப்பட்டது. ஆங்கில நாட்டுக் கோபுரத்தின் நகலாக அது இல்லை. மசூதியின் குவிமாடமும் இந்துக் கோயிலின் தூண் வேலையும் அதில் கலந்திருக்கின்றன; தாமரை மலர்கள் கல்லில் விரிந்திருக்கின்றன. வழிபாட்டு நூலில் ஆங்கில மரபைப் பற்றி நின்ற மனிதர், கல்லில் இவ்வளவு இந்தியராக இருந்தது எனக்கு வியப்பே.

மற்றொரு காத்திருத்தல் இன்னும் நீண்டது. 1919 மே மாதத் தொடக்கத்தில் தரங்கம்பாடியில் முப்பத்துமூன்று பேர் கூடினார்கள். பெரும்பாலோர் இந்தியப் போதகர்கள். ஆங்கிலிக்கன் என்றும் தென்னிந்திய ஐக்கிய சபை என்றும் மேல்நாட்டார் கொண்டுவந்த பிரிவினைகளை நாம் ஏன் சுமக்கவேண்டும், ஒரே திருச்சபையாகலாமே என்று அழைப்பு விடுத்தார்கள். அதற்குத் தலைமை தாங்கியவர் அசரியா. கிராமத்தில் சாதிப் பிரிவு கூடாதென்று சொல்லிவிட்டு, ஞாயிறுதோறும் மூன்று தனிக் கோயில்களுக்கு மக்களை அனுப்புவது அவருக்குத் தாங்கவில்லை. மெதடிஸ்டு சபையாரும் பின்னர் பேச்சில் சேர்ந்தனர். அந்தப் பேச்சுக்கள் ஓராண்டா, ஈராண்டா? குழுக்கள், திருத்தங்கள், மறுபடியும் குழுக்கள். 1927-இல் சுவிட்சர்லாந்தில் லோசான் நகரத்து மாநாட்டிலும் இதற்காகவே வாதாடினார். இந்தியாவின் தேசிய கிறிஸ்தவ சங்கத்துக்கு 1929 முதல் தலைவராக இருந்துகொண்டும் இதே வேலை. இளமையில் உடனிருந்த பலர் சோர்ந்தார்கள், சிலர் மறைந்தார்கள். எழுபது வயதிலும் அவர் கிராமங்களைச் சுற்றுவதை நிறுத்தவில்லை.

1945-ஆம் ஆண்டு புத்தாண்டு நாளன்று, சில நாள் நோய்க்குப்பின், தோர்ணக்கல்லில் அவர் காலமானார். தெலுங்கு மண்ணிலேயே அடக்கம் செய்யப்பட்டார். அதே ஜனவரி மாதத்தில் ஆங்கிலிக்கன் திருச்சபையின் பொதுச் சங்கம் கூடி, ஐக்கியத் திட்டத்துக்கு இசைந்து வாக்களித்தது. 1947 செப்டம்பர் 27-ஆம் நாள், நாடு விடுதலை பெற்ற ஏழாவது வாரத்தில், சென்னை புனித ஜார்ஜ் பேராலயத்தில் தென்னிந்தியத் திருச்சபை உருவாயிற்று. அன்று அதில் சேர்ந்த மண்டலங்களுள் தோர்ணக்கல்லும் ஒன்று.